இரண்டு பேர் தள்ள வேண்டிய கதவு

“அப்ப உங்க வீட்டுலதான் ஏதோ கோளாறு, சுவரக்கா. என் கதவுல இல்ல.”

“என் வீட்ட எதுக்கு இழுக்கறீங்க தம்பி? கதவப் பத்திப் பேசுங்க.”

கூட்ட அறையின் கண்ணாடிக்கு வெளியே அத்தனை பேரும் மும்முரமாக வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். காது மட்டும் உள்ளே இருந்தது.

சுவரக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வீடியோ கேம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவள் டெஸ்டர். கேமில் வரும் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டி, எங்கேயாவது ஆள் சுவருக்குள் புகுந்துவிடுகிறதா என்று பார்ப்பது அவள் பிழைப்பு. புகுந்தால் அது பக். எழுதிப் போட வேண்டும். அவள் எழுதிப் போட்ட பக் எதுவும், புரோகிராமர்கள் ஆடிப் பார்த்து ‘மறுபடி வரவில்லை’ என்று எழுதி, இதுவரை திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

எதிரே நின்ற புரோகிராமர்தான் அந்தக் கதவைச் செய்தவர். புது மாப்பிள்ளை. மனைவியைப் பற்றிப் பேச ஒரு சாக்குக் கிடைத்தால் விடமாட்டார்.

புதிய கேம் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. குகையின் முடிவில் ஓர் இரும்புக் கதவு. ஆளுக்கொரு பக்கம் நின்று இருவரும் பட்டனை அமுக்கினால் திறக்க வேண்டும். சுவரக்கா வீட்டில் அது ஒரு உதறு உதறி, அப்படியே மாட்டிக்கொள்கிறது.

“ஞாயித்துக்கிழமை முழுக்க நானும் என் வொய்ஃபும் ஆடினோம். ஒரு தடவகூட மாட்டல. வேணும்னா அவளுக்கே போன் போட்டுத் தரேன், கேளுங்க.”

“நானும் தங்கச்சியும் ஆடறப்ப மாட்டாத நாளே இல்ல.”

தங்கையை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவளைப் பற்றித் தெரியாதவர்களும் இல்லை. இடது பக்கம்தான் உட்காருவாள். தோற்றால் கன்ட்ரோலரைத் தூக்கி மெத்தையில் எறிவாள். யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினால், தங்கச்சிக்கு என்று ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போவாள் சுவரக்கா. வீட்டில் சேர்ந்து ஆட ஆள் இருக்கிறது என்பதால்தான் இருவர் ஆடும் கேமெல்லாம் அவள் கைக்கு வந்தது. மற்ற டெஸ்டர்களுக்கு அதில் வயிற்றெரிச்சல்.

புரோகிராமர் வெளியே நின்ற கணக்காளரை உள்ளே இழுத்தார். இருவரும் பெரிய திரையின் முன்னால் ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு உட்கார்ந்தார்கள். அமுக்கினார்கள். கதவு திறந்தது. மறுபடி அமுக்கினார்கள். திறந்தது. கணக்காளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை ஆடலாம் என்றார்.

சுவரக்கா திரையைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவர் விரல் முதலில் இறங்கியது. மற்றவர் விரல் ஒரு இமைப்பொழுது பின்னால். “ரெடி, இப்போ” என்று சொல்லிக்கொண்டு அமுக்கினாலும் அப்படித்தான். இரண்டு பேர் என்றால் யாராவது ஒருவர் முந்தத்தான் செய்வார்.

துளி முன்பின் இல்லாமல் இரண்டு பட்டனும் சேர்ந்தே விழ வேண்டுமானால், இரண்டு விரலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மடியில் இரண்டு கன்ட்ரோலர். இடது கட்டைவிரல் தங்கை, வலது கட்டைவிரல் அக்கா. தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனதிலிருந்து அவள் அப்படித்தான் ஆடுகிறாள். கல்யாணத்துக்கு அலுவலகத்தில் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது, சொல்லவே முடியாததாகிவிட்டது.

கன்ட்ரோலர் இரண்டும் இப்போது மேசைமேல் இருந்தன. எடுத்து ஒரே ஒரு அமுக்கு. புரோகிராமர் வாயடைத்துப் போவார். அவள் கை பாதி தூரம் போயும் விட்டது.

“நாளைக்குத் தங்கச்சியக் கூட்டிட்டு வாங்களேன்,” என்றார் அவர், ஜெயித்தவரின் தாராளத்தோடு. “நாங்களும் ஒரு தடவ பாத்த மாதிரி இருக்கும்.”

கை மடிக்கே திரும்பியது.

“வேணாம் தம்பி. அவதான் பட்டன மாத்தி அமுக்கியிருப்பா. மூடிடுங்க.”

அவள் எழுதியிருந்த பக்கை அவர் அங்கேயே ‘மறுபடி வரவில்லை’ என்று போட்டு மூடினார். வெளியே யாரோ கைதட்டினார்கள். சுவரக்கா மண்ணைக் கவ்விய கதை மதியத்துக்குள் கீழ்த்தள வாட்ச்மேன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தன் தப்புக்குப் பாவம் தங்கை மேல் பழி போட்டுவிட்டாளே என்று சிலர் உச்சுக்கொட்டினார்கள்.

கேம் வெளியாவதற்கு முந்தின வாரம் அவள் பார்வைக்கு ஒரு பக் வந்தது. எழுதியவர் புரோகிராமர். குகைக் கதவு அவர் வீட்டில் திறக்கவில்லையாம். எத்தனை முறை ஆடினாலும் மாட்டிக்கொள்கிறதாம்.

சுவரக்கா அதை இன்னொரு முறை படித்தாள். எழுந்து போய் அவர் மேசையருகே நின்றாள். கூட யார் ஆடினார்கள் என்று கேட்கவில்லை.

“ரெண்டு அமுக்கும் ஒண்ணா விழுந்தாலும் திறக்கற மாதிரி பண்ணிடுங்க தம்பி.”

அவர் நிமிர்ந்து, அவள் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். மாலைக்குள் கதவு சரியாகிவிட்டது.

அவர் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்ட சேதி அலுவலகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது. அதற்குள் அவரும் வேலையை விட்டு எங்கோ போயிருந்தார். சுவரக்காவுக்கு மட்டும் அந்த பக் வந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தினமும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவள், யாரிடமும் மூச்சு விடவில்லை.