பிழைக்க ஒன்று, சாக இரண்டு

மார்த்தாண்டத்தில் வில்பிரட்டின் செல்போன் கடைக்கு வந்த மரியபுஷ்பம், தன் போனை நீட்டினாள்.

“மக்கா, டிவி நாடகத்துல அந்த சுபத்ரா ஐசியூல கெடக்காள்லியா? அதுக்கு மெசேஜ் அனுப்பித் தா.”

சுபத்ரா பிழைக்க 1, சாக 2. நேயர்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களை எண்ணித்தான் சனிக்கிழமைக் கதையை எடுப்பார்களாம்.

வில்பிரட் 1 அடித்தான்.

“ஒண்ணு இல்ல, ரெண்டு.”

“பாவமுல்லா அக்கா! மாமியாக்காரி விஷம் வச்சுல்லா கெடக்கா. ஊரே அவளுக்காக அழுவுது.”

“அழட்டு. அவ சாவணும். பத்து மெசேஜ் அனுப்பு.”

“உங்களுக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருந்தா இப்பிடிச் சொல்லுவியளா?”

“இருக்கா. வாற திங்கக்கிழம அவளுக்குக் கல்யாணம். கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமையும் கல்யாண ஓலை வாசிச்சாச்சு. பொண்ணுதான் இன்னும் வந்து சேரேல்ல.”

“எங்க இருக்கா?”

“சென்னையில. அந்த ஐசியூ செட்டுல. சுபத்ராவா நடிக்கது எனக்க மோளாக்கும். கதையில சாவாம ஊருக்கு விடமாட்டோம்னு சொல்லிட்டாவ.”

வில்பிரட் 1-ஐ அழித்துவிட்டு 2 அடித்து அனுப்பினான். பிறகு, ரிப்பேருக்கு வந்திருந்த பதினான்கு போன்களையும் மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்தான்.