முதுகுக்குப் பின்னால் பெய்த பனி

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். படத்தில் செத்துப்போகிற பையனைப் பிழைக்க வைத்துவிட்டேன்.

டைரியில் எழுதியதைப் பார்த்தாள். 'சின்ன' என்பதை அடித்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதன் மேலேயே மறுபடி எழுதினாள்.

நாளை மாலை வகுப்பில் அவள் பேச வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் நடக்கிற சினிமா ரசனை வகுப்பு. கனடாவில் பெரிய பெயரெடுத்த ஓர் இயக்குநர். அவர் படங்களில் எது சிறந்தது, ஏன் என்று சொல்ல வேண்டும்.

சேர்ந்த நாளிலிருந்து அந்த வகுப்பில் அவள் வாயைத் திறந்ததில்லை.

படங்களை அக்காவோடுதான் பார்த்தாள்.

அக்காவோடு பார்த்தாள் என்பதும் சரியில்லை. அக்கா பார்க்கவில்லை.

பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்கா, டிவிக்கு முதுகைக் காட்டி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலையில் துண்டு. காதில் பஞ்சு. அவளுடைய செல்போன் பீரோவுக்குள்.

"பச்ச உடம்புக்காரி டிவி பாத்தா கண்ணு போயிரும்."

அம்மா போட்ட சட்டம். மேல்முறையீடு கிடையாது.

அதனால் அக்காவுக்கும் சேர்த்து இவள்தான் பார்த்தாள். படத்தில் பிரெஞ்சு பேசுவார்கள். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதைத் தமிழில் சொல்லி, இடையில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் முகம் எப்படிப் போகிறது என்றும் சொல்லிக்கொண்டே வருவாள்.

ஊமைக் கொல்லன் ஒருவன் மாதாகோவில் மணியைச் செப்பனிடுகிற படம். கடல் பார்க்கக் கிளம்பிய இரண்டு கிழவர்கள் வழியெல்லாம் சண்டை போடுகிற படம்.

எல்லாவற்றிலும் பனி.

"உன் கனடாக்காரருக்கு வெயில்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதாடி? எனக்கு இங்க முதுகு வேகுது."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "பனியப் பத்தியே பேசாத. அவளுக்குச் சளி பிடிச்சா புள்ளைக்கும் பிடிக்கும்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். குழந்தை குலுங்கும்.

எந்தப் படத்தையும் முதலில் தனியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அக்காவுக்குப் போடுவாள். எங்கே நிறுத்துவது, எதை எப்படிச் சொல்வது என்று தெரிய வேண்டுமே. கடைசிப் படத்துக்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

இன்று மத்தியானம் அதைப் போட்டாள்.

பனிப்புயல். காணாமல் போன நாயைத் தேடி ஒரு பையன் வெளியே போகிறான். அவன் அம்மா சன்னலில் நிற்கிறாள்.

ஆடிக்கொண்டிருந்த அக்காவின் கால் நின்றது. உள்ளங்கை குழந்தையின் உச்சந்தலையை மூடிக்கொண்டது.

"வந்துருவான்ல?"

நாய் மட்டும் திரும்பி வந்தது. அதை இவள் சொல்லவில்லை.

பனி உருகியது. அதையும் சொல்லவில்லை.

திரையில், கொட்டகைக்குள், பையனின் அப்பா ஒரு சின்னப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பேச்சே இல்லை. இசையும் இல்லை. சுத்தியல் மட்டும்.

தக். தக். தக்.

"என்னடி சத்தம்?"

"கதவு தட்டுற சத்தம்க்கா. பையன் வந்துட்டான்."

அக்கா மூச்சை விட்டாள். குனிந்து குழந்தையின் பாதத்தில் முத்தம் வைத்தாள்.

"இதான்டி இருக்கறதுலயே நல்ல படம். நாளைக்கு இதையே சொல்லு."

இவளோ மணிப் படத்தைத்தான் தயார் செய்து வைத்திருந்தாள். பத்திரமான படம். யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. பனிப்புயல் படத்தைச் சொல்வதென்றால் எதைச் சொல்வது, திரையில் ஓடியதையா, தான் சொன்னதையா? அக்காவுக்குப் பிடித்த படத்தைக் கனடாவில் யாரும் எடுக்கவில்லை.

இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா கீரை வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள். உள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், இங்க வா."

போனாள்.

"அந்தப் பையன் கதவத் தட்டினான்ல."

"ம்."

"கடைசி வரைக்கும் யாரும் திறக்கலயேடி."

இவள் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து சன்னல் பக்கம் திரும்பினாள். அக்காவின் காதில் இருக்க வேண்டிய இரண்டு பஞ்சு உருண்டைகள் சன்னல் திண்டில் கிடந்தன. எத்தனை நாளாகக் கிடக்கின்றனவோ. மேலே தூசி படிந்திருந்தது.

அக்காவுக்குக் கோபம் இல்லை. குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டத் தொடங்கினாள்.

தட். தட். தட்.

குழந்தை பெரியவர்கள் மாதிரி ஓர் ஏப்பம் விட்டது.

அக்காதான் முதலில் சிரித்தாள். இவளும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா கழுத்தைத் திருப்பி, அணைந்து கிடந்த டிவியை ஒரு தடவை பார்த்தாள். வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிக்கொண்டாள்.

இவள் மேசைக்கு வந்தாள். 'சின்ன' என்பதை அடிக்காமல் விட்டாள். கீழே எழுதினாள்.

நாளை.

வகுப்பில் பனிப்புயல் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். மணிப் படம் வேண்டாம்.

அதற்கு முன், மத்தியானம், அம்மா கண்ணயர்ந்ததும் அக்காவை டிவி பக்கம் திருப்பி உட்கார வைக்க வேண்டும். கடைசிக் காட்சியில் நான் எதுவும் சொல்லக் கூடாது. குழந்தை அவள் மடியில் இருக்க வேண்டும்.