பதினோரு செகண்ட்

"ஃபெயிலா? என் பொண்ணா?"

பல் டாக்டர் போட்ட சத்தத்தில், ஃபிளையிங் கிளப் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் கப்போடு எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி அம்மா அசையவில்லை. இந்தப் பக்கம் டாக்டரின் மகள், ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

"கேள்வி பதில்ல நூத்துக்கு நூறு சார். வேகம் செத்துப்போய் இறக்கை தாங்காம விமானம் விழப் போகுதுன்னா என்னென்ன அறிகுறி தெரியும்னு கேட்டேன். மூக்கு மேல தூக்கும், காத்துச் சத்தம் அடங்கும், கையில பிடி தொளதொளன்னு ஆகும், எச்சரிக்கை ஹாரன் கத்தும், கடைசியா விமானமே உதறும்னு கடகடன்னு ஒப்பிச்சா."

"அப்புறம் என்ன கேடு?"

"மூவாயிரம் அடியில, கீழ ஓடுதளம் இருக்கறதா நெனச்சு இறங்கிக் காட்டச் சொன்னேன். வேகம் குறைஞ்சுது, ஹாரன் கத்துச்சு. உடனே மூக்கை இறக்கணுமா இல்லையா? இவ பாட்டுக்கு ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துக்கிட்டு இன்னும் இழுத்துப் பிடிக்கறா. பதினோரு செகண்ட் பொறுத்தேன். உதற ஆரம்பிச்சதும் நான் கண்ட்ரோலை வாங்கிட்டேன்."

"உங்க ஹாரன் ரிப்பேரா இருக்கும்!"

"கத்துச்சுப்பா" என்றாள் மகள், தலையைத் தூக்காமலே.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷமாகச் சொந்தக் குட்டி விமானம் ஓட்டுகிறவர். அவர் மகள் ஹாரனை மதிக்கவில்லை என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா?

"காரணம் சொல்லும்மா" என்றார் அந்த அம்மா. "உடம்பு சரியில்லையா? யாராவது தப்பாப் பழக்கி விட்டாங்களா? நியாயமா இருந்தா எழுதிட்டு நாளைக்கே இன்னொரு சான்ஸ் தரேன். இல்லன்னா மூணு மாசம் கழிச்சுதான்."

மூணு மாசம் என்றால் விமானி காலேஜில் சேர்க்கை முடிந்துவிடும். ஒரு வருஷம் தண்டம்.

டாக்டர் மேஜையைத் தட்டினார்.

"எவனோ தப்பாத்தான் பழக்கியிருக்கான்! ஹாரன் கத்தறப்ப சும்மா இருன்னு ஒருத்தன் சொல்லிக் குடுத்திருந்தான்னா அவன் மனுஷனா? ஊரான் பிள்ளை உயிர்னா அவ்வளவு இளக்காரமா?"

"பேரை மட்டும் சொல்லட்டும் சார். அந்த ஆள் லைசென்ஸை இன்னிக்கே முடக்கிடறேன்."

"அப்படிப் போடுங்க மேடம்! சொல்லுடி!"

நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைக்கிறவர். பெற்ற பெண் வாயை அவரால் திறக்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல மேடம். என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

காரில் ஏறியும் டாக்டர் ஆறவில்லை. கதவை அறைந்து சாத்தினார்.

"ஒரு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வந்து உக்காந்திருக்கே! யாரைக் காப்பாத்தறே? உன் கிளப் மாஸ்டரைத்தானே? இன்னிக்கே புகார் எழுதறேன். நாளைக்கு அவனுக்கு இங்க வேலை இருக்காது, பாத்துக்கோ!"

"ஐயோ, மாஸ்டரை விடுங்கப்பா! அவர் சரியாத்தான் சொல்லிக் குடுத்தார்."

"அப்ப வேற எவன்? சொல்லு, அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்!"

மகள் முதல் தடவையாக அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் அங்க வாயைத் திறந்திருந்தா உங்க லைசென்ஸ் போயிருக்கும்ப்பா. என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு அத்தை வீட்டு மொட்டை மாடிக்கு மேல தாழ வட்டமடிப்பீங்களே, ஒவ்வொரு தடவையும் அந்த ஹாரன் கத்தும். நான் பயந்து உங்க கையைப் பிடிப்பேன். 'அது கெடக்குது விடு, நீ அத்தைக்குக் கையாட்டு'ன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"