எழுந்து போனவன்

உல்ம் நகரத்தில் மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சடிக்கும் லியன்ஹார்ட், பைபிளில் வரும் நயீன் ஊர் விதவையின் கதையை இரண்டு படங்களாகச் செதுக்கினார். முதல் படத்தில் அவளுடைய இறந்த மகன் பாடையில் கிடக்கிறான். அடுத்ததில் இயேசு பாடையைத் தொட, எழுந்து உட்கார்கிறான். போன மாதம் டான்யூப் ஆற்றில் மூழ்கிப்போன தன் மகன் ஃபைட்டின் முகத்தை அவனுக்கு வைத்திருந்தார்.

முதல் படம் தாளில் சரியாக விழுந்தது. இரண்டாவதில் பாடை காலியாக இருந்தது. கட்டையில் அவன் உட்கார்ந்துதான் இருந்தான், மையும் ஏறியிருந்தது. நான்கு முறை அடித்தும் அப்படியேதான்.

மனைவி அப்பொலோனியா ஈரத்தாளைக் கையில் வாங்கினாள்.

"எழுந்துட்டான். அப்புறம் ஏன் வீட்டுக்கு வரலை?"

அவர் மறுபடி கட்டையில் மை தடவினார்.

"ஆத்துக்குப் போகாதேன்னு அன்னிக்கு அடிச்சேனே. அவனுக்கு இன்னும் கோபமோ?"

வாசலுக்குப் போய், ஆளில்லாத தெருவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா இனிமே அடிக்க மாட்டேன்டா."