பத்து டிகிரி

ஆய்வகத் தலைவி, தவறுக்கு விளக்கம் கேட்கும் மெமோவைத் தன் கையாலேயே எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு இடங்களில் திருத்தியும் வைத்துவிட்டுத்தான் உதவியாளரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, மூணாம் நம்பர் பாட்டிலை ஆறு வாரமும் பத்து டிகிரி தொட்டியிலதானே வெச்சிருந்தீங்க?"

"நீங்க சொன்ன தொட்டியிலதான் மேடம்."

"அப்புறம் ஏன் ரிசல்ட் பதினெட்டுன்னு காட்டுது? குளிரக் குளிர, கனமான ஆக்சிஜன் தண்ணியை விட்டுட்டு, அதுல கரைஞ்சிருக்கிற கார்பனேட்டுக்கு அதிகமாப் போகும். இதுல கம்மியாத்தான் போயிருக்கு. தொட்டி சரியாக் குளிரவே இல்ல. தண்ணி பொய் சொல்லாதுண்ணா."

"சொல்லாது மேடம்."

"ஆனா கம்ப்யூட்டர்ல தினமும் பத்து, பத்துன்னு ஏத்தியிருக்கீங்க. நாளைக்குக் கட்டுரை அனுப்பணும். இத்தனை வருஷம் கூட இருந்துட்டு என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே!"

உதவியாளர் போய், ஈரக்கறை படிந்த நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்தை விரித்தார்.

முதல் நாள் கணக்கில், அவருடைய நீல மையில் பதினெட்டு என்றுதான் இருந்தது. யாரோ அதை அடித்துவிட்டு, மேலே பத்து என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தெர்மாமீட்டர் பழசு. தொட்டியின் டிஸ்ப்ளேவைப் பார்த்து எழுதவும்.' மறுநாளிலிருந்து எல்லாம் பத்துதான்.

அடித்ததும் எழுதியதும் சிவப்பு மை.

தலைவி பேனாவைத் திறந்து, மெமோவில் இருந்த உதவியாளரின் பெயரை அடித்தார். அதற்கு மேலே எழுதவேண்டிய பெயரை எழுதத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.