கரை தொட்ட ஆறு

பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தார் வங்கி அதிகாரி. கீழே இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது ஆறு.

“தண்ணியே இல்லாத இடம், இந்தச் சுரங்கத்துல பணத்தைப் போட்டா திரும்பாதுன்னு பயமுறுத்தினாங்களே?”

“ஆகாதவங்க கட்டிவிட்ட கதை சார்,” என்றார் சுரங்க மேலாளர், முகமெல்லாம் சிரிப்பாக.

கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி மேலாளரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க நல்லா இருக்கணும்யா.”

“ஊர்ல உங்களுக்கு நல்ல பேருதான் போலிருக்கு.”

“ஏதோ, நம்மால முடிஞ்சது சார்.”

அதிகாரிக்குப் பரம திருப்தி. “சரி, பணத்துக்கு நான் பொறுப்பு. கிளம்பறதுக்கு முன்னாடி, தாது கழுவற ஆலையை மட்டும் கொஞ்சம் ஓட்டிக் காட்டிடுங்க.”

தலைகால் புரியாத சந்தோஷத்தில் மேலாளர் ஆலைக்குள் ஓடி, பம்ப் ஓட்டுபவரைப் பிடித்தார். “ஆலைக்குத் தண்ணி விடுப்பா, சீக்கிரம்.”

பம்ப்காரர் தலையைச் சொறிந்தார். “எந்தத் தண்ணி சார்? பேங்க் சார் வர்றதுக்குள்ள ஆறு நிறைஞ்சு ஓடணும்னீங்க. ஆலைக்குன்னு நம்ம குளத்துல சேத்து வச்சிருந்ததை மொத்தமாத் திறந்துவிட்டதாலதானே நிறைஞ்சுது.”