மதிலில் ஒரு வழி

"வாடகைக்குக் கீறவன்லாம் அக்கம்பக்கமா? வெளிய போப்பா!"

சேரப்பணஞ்சேரி கல்யாண மண்டப வாசலில் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இசக்கிதுரைக்கு முகம் சுண்டிவிட்டது.

"அண்ணாச்சி, நாலு வருசமா உங்க ரூம்லதான இருக்கேன். பக்கத்துல குடியிருக்கவுக எல்லாரும் வரணும்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொன்னாவள்லா?"

"சொல்லுவான். உன் வோட்டு திருநெல்வேலில கீது. இங்க இன்னா பேச்சு? போய்த் தூங்கு, நைட் ஷிப்ட் கீதில்ல?"

ஒரகடம் ரோடு இன்னும் அகலமாகாத சமயம். அதை ஒட்டி ஒரு ஆராய்ச்சி வளாகம் வரப்போகிறது. வாசலிலேயே புது பஸ் நிலையம். எது எங்கே வரவேண்டும் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டுத்தான் வரைபடத்தை முடிப்போம் என்று இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருந்தது வளாகம் கட்டும் கம்பெனி.

அந்த வரைபடத்தில் ஒரு நீள மதில். அது எழும்பினால், இசக்கிதுரை மாதிரி வாடகைக்காரர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற பாதை அடைபடும். இசக்கிதுரையின் மனைவி செல்லக்கனி, இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஏரிக்கரையைச் சுற்றி இருட்டில் தனியாக வரவேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தான். ரூம் ரூமாகப் போய் எல்லோரையும் கலந்து, கேட்க வேண்டியதை மனப்பாடமாக வைத்திருந்தான். அவன் பேசியதையெல்லாம் திருநாவுக்கரசும் படிக்கட்டில் நின்று கேட்டவர்தான்.

வேறு வழியில்லாமல் ஜன்னலோரம் போய் நின்றான்.

உள்ளே வரைபடத்தைத் தரையில் விரித்து, பஸ் எங்கே நிற்கணும் என்று ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னார் கம்பெனி இன்ஜினீயர் சண்முகப்ரியா. ஆளாளுக்குத் தன் வீட்டு வாசலில் வைத்தார்கள்.

"சமையலறை வரைக்கும் பஸ் வராதுங்க," என்றார் அவர். மண்டபமே சிரித்தது.

திருநாவுக்கரசு மட்டும் கொட்டையை மதில் மேல் வைத்தார்.

"இங்க ஒரு வழி விடும்மா. லைட்டு போடு. கடைசி பஸ் போறவரைக்கும் தொறந்து வை. இல்லாங்காட்டி என் ரூமுக்கு எவன் குடி வருவான்?"

"யோவ், வாடகைலயே கண்ணா இருய்யா!" என்றது ஒரு குரல்.

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

சண்முகப்ரியா யோசித்தார். பிறகு பென்சிலால் மதிலில் ஒரு வாசல் வரைந்தார்.

இசக்கிதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையும் அவன் மனப்பாடம் செய்தது, வரிசைகூட மாறவில்லை. எங்கள் வாயை அடைத்துவிட்டு எங்கள் பேச்சைப் பேசிப் பிழைக்கிறாரா மனுஷன்!

கூட்டம் கலைந்ததும் நேரே போனான். "அண்ணாச்சி, நில்லுங்க!"

அதற்குள் முன்வரிசையிலிருந்து வந்த ஒருவர் திருநாவுக்கரசின் தோளில் கை போட்டார். கோபிநாத். இசக்கிதுரை மாதிரி நூற்றுக்கணக்கான பேரை ஃபேக்டரிகளுக்கு அனுப்புகிற காண்ட்ராக்டர். யார் முகமும் அவருக்குத் தெரியாது.

"என் ஆளு ஒருத்தன் மதில்ல வழி கேக்கணும்னு ரூம் ரூமா ஆள் சேத்தானாமே? கம்பெனிக்காரங்க எதிர்ல என் ஆளே குறை சொன்னா என் காண்ட்ராக்ட் நிக்குமா? அவனைப் புடிக்கத்தான் முன்னாடியே உக்காந்திருந்தேன். எவன்னு சொல்லு, நாளைக்கே வேலையை விட்டுத் தூக்கிடறேன்."

"அவனுங்களுக்கு ஏது அவ்ளோ தெகிரியம்? கேட்டது நானு."

"அப்ப கோவமா வந்து நிக்கிறானே, இவன் யாரு?"

திருநாவுக்கரசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவனா? ரூம்ல மோட்டார் ரிப்பேரு, ரெண்டு நாளா தண்ணி வரல. அதான் என்னை அடிக்க வரான்."